நாய்ப் பண்ணை மனுவும் என் மொட்டைக் கடிதமும்

யசோ,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ அடுத்த வரிக்கு வரமாட்டாய். அதனால் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உன் நாய்ப் பண்ணை மனுவுக்கு எதிராகக் கோலார் கால்நடை ஆபீசுக்குப் போன அந்தப் பெயரில்லாத கடிதத்தை எழுதியது பண்ணைக்குப் பக்கத்து வீட்டுச் செல்வராஜ் இல்லை. நான்தான் எழுதினேன். நானே கவரில் போட்டு, நானே தபால் பெட்டியில் போட்டேன். நீ போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இதைப் போனில் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்காது. வியாழக்கிழமை ஆபீசர்கள் மறுபடி பண்ணையைப் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இதே கடிதத்தை இன்னொரு பிரதி எழுதிச் செல்வராஜுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தெருவில் யார் கேட்டாலும் அவர் படித்துக் காட்டலாம். கிழிப்பதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று உன் அம்மா சொல்வாள். அது சரியில்லை. அது எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்த வேலை. தங்க மைன்ஸில் உன் அப்பா வாட்ச் அண்ட் வார்டு என்று நீ பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருப்பாய். அந்த வேலை என்னவென்று நான் உனக்கு விவரமாகச் சொன்னதே கிடையாது. ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிப்டில் மேலே வருகிறவன் முகமெல்லாம் கல்தூசி, கண் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அவசரப்படுவான். அவனை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, தலைமுடிக்குள் விரல் விட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, டிபன் கேரியரின் ஒவ்வொரு தட்டையும் தட்டிப் பார்ப்பேன். துளித் தங்கம் வெளியே போகக் கூடாது. அவர்களில் பாதிப் பேர் நம் பேட்டையான நந்திதுர்க்கில் என் தெருக்காரர்கள். காலையில் குழாயடியில் “இன்னாப்பா, டீ குடிச்சியா” என்று கேட்டவனின் அக்குளில் சாயங்காலம் கைவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தேன்.

அந்த வேலையில் ஒவ்வொருவனையும் எடை போடக் கற்றுக்கொண்டேன். ரொம்பச் சிரிக்கிறவனையும் ரொம்பக் கோபப்படுகிறவனையும் இரண்டாவது தரம் பார்ப்பேன். காலில் எதையாவது வைத்திருப்பவன் அந்தக் காலை மட்டும் கொஞ்சம் பதமாக ஊன்றுவான். எல்லாரையும்விட மோசம், ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன். அவன் மனசில் ஏதோ இருக்கிறது என்றுதான் எங்கள் சீனியர் சொல்லித் தருவார். இது மைன்ஸ் மூடியதும் மூடிப்போயிருக்க வேண்டிய படிப்பு. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது உன் பையில் ஒரு வாசனை ரப்பர் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நாம் வாங்கித் தராத ரப்பர். உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளி உன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் பிறந்த நாளுக்கு அவளே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததாம். அவள் அம்மா சிரித்தாள், நான் சிரித்து மழுப்பினேன், நீ மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் நீ எனக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தாய். அப்போதே நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். புது ரப்பர் வாங்கித் தருகிறேன் என்றுதான் சொன்னேன்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நாய் வளர்த்து விற்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றும் எனக்கு அந்தப் புத்திதான் முன்னால் வந்தது. விடியற்காலை ரயிலைப் பிடித்து, அந்தப் பிராணி கிளினிக்கில் நாள் முழுக்க நின்று, திரும்பி வரும்போது உன் துணியில் டெட்டால் வாசனையும் நாய் வாசனையும் கலந்து வரும். அதை விடுகிறாயே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. “யாரு உன்னைத் தூண்டி விட்டது?” என்று கேட்டேன். “யாரும் இல்லப்பா” என்றாய். “நாயை விக்கறதுக்கு கவர்மெண்டு பெர்மிட்டா? இன்னாத்துக்கு? நம்ம ஊர்ல நாய் தானாவே பெருகிக்கினுதானே கீது” என்றேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். பின்கட்டில் கூண்டு கூண்டாக அடைத்து வைத்து, கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி விற்கிறவர்களைப் பற்றிச் சொன்னாய். அப்படி விற்கப்பட்ட குட்டிகள் மூன்றாம் நாள் உன் மேசைக்கு வந்து, ரத்தமாகக் கழிந்து, உன் கையிலேயே செத்ததைச் சொன்னாய். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம், ஒவ்வொரு நாய்க்கும் ரெஜிஸ்டர் வைக்க வேண்டுமாம், பதிவுச் சான்றிதழை வருகிறவர்கள் பார்வையில் படுகிற மாதிரி சுவரில் மாட்ட வேண்டுமாம். “அதை மாட்டி வெச்சிட்டுத்தான்பா ஒரு குட்டியைக்கூட வெளிய அனுப்புவேன்” என்றாய். நாயின் தோலுக்கு அடியில் சிப் வைப்பார்கள் என்று நீ சொன்னபோது, உள்ளே எதை வைக்கிறார்கள், வெளியே எங்கே யார் பார்க்கிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன். உன் அம்மா பருப்பு கடைந்துகொண்டே, “அந்த சிப்பை முதல்ல உங்கப்பாவுக்கு வெய்யி, எங்க போறாரு வராருன்னு எனக்காவது தெரியும்” என்றாள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நம் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பகுதியில் அந்தப் பழைய வீட்டையும் பின்னால் பெரிய காலியிடத்தையும் நீ வாடகைக்கு எடுத்தாய். நாய்களுக்குத் தனித்தனி அறை, வெயில் படாத கூரை, கழுவிவிட்டால் நீர் ஓடிப்போகும் சாய்வுத் தரை, குட்டி போடுவதற்குத் தனியிடம் என்று நீ கட்டினதையெல்லாம் நான் வந்து தட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு உறுத்தியது. அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி மனுவோடு வைக்க வேண்டும் என்றார்கள். எதிர் வீட்டு அம்மா நாய் குரைக்குமா, கடிக்குமா, நாற்றம் வருமா என்று பத்துக் கேள்வி கேட்ட பிறகு போட்டாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டார் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். “ரொம்ப நல்லவருப்பா. பேனாவைக் கூட அவரே எடுத்தாந்தாரு. செல்வராஜ் அங்கிள்னு பேரு. உன் பேரைச் சொன்னேன், தெரியும்னாரு.” எனக்குச் சாப்பாடு அங்கேயே நின்றுவிட்டது.

செல்வராஜைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். புத்த விகாரைக்கு ஒன்றாகப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்ததற்கு ஒன்றாகக் குட்டு வாங்கியவர்கள். அவன் நிலத்துக்கு அடியில் இறங்கினான், நான் மேலே வாசலில் நின்றேன். அப்போது என் மேல் யாரோ ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டார்கள். நான் நந்திதுர்க் ஆட்களைப் பார்த்தும் பார்க்காமல் விடுகிறேன், எனக்குப் பங்கு வருகிறது என்று. எங்கள் ஊரில் மொட்டைக் கடிதம் எழுதுவது ஒரு வழக்கம்தான். பதவி உயர்வுக்கு எழுதுவார்கள், கல்யாணத்தை நிறுத்த எழுதுவார்கள், குழாய்ச் சண்டைக்குக்கூட எழுதுவார்கள். எனக்கு வந்ததை ஆபீசர் கூப்பிட்டு என் முகத்துக்கு நேராகப் படித்தார். “நான் நம்பலை, ஆனா பார்த்துக்கினு இருப்பேன்” என்றார். மறுநாள் சாயங்கால ஷிப்டில் அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அன்றைக்குத்தான் செல்வராஜின் டிபன் கேரியர் அடித்தட்டில், மிச்சச் சோற்றுக்கு அடியில், கட்டைவிரல் அளவு ஒரு கல் இருந்தது.

“பாப்பாவுக்குடா. மின்னுது பாரு” என்று அவன் சிரித்தான். அது தங்கம் இல்லை என்று எனக்குப் பார்த்த உடனே தெரியும், யசோ. இதை நான் எழுதியே ஆக வேண்டும். அது வெறும் பளபளப்புக் கல். அந்த மாதிரிக் கல் எங்கள் ஊரில் கோழி மேய்கிற இடத்தில்கூடக் கிடக்கும். வேறொரு நாளாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, “போடா” என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பேன். பின்னால் ஆபீசர் நின்றார். என் மேல் விழுந்த சந்தேகத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு அவன் கையில் கிடைத்தான். ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், கடைசி வரியும் எப்போதும் ஒன்றுதான். ‘மேற்படி விஷயம் என் இரு கண்களால் நேரில் கண்டது, கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.’ என் இங்கிலீஷ் அரைகுறைதான், அந்த வரியை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன். ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அவன் கையில் கொடுத்து, கல்லைச் சோதித்து ஒன்றுமில்லை என்று முடிவு வரும்வரை அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கல்லுத் திருடன் என்ற பெயர் போகவில்லை. அவனுக்கு வர வேண்டிய பதவி வேறொருவனுக்குப் போயிற்று. அவன் வீட்டை மாற்றிக்கொண்டு மைசூர் மைன்ஸ் பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவனை மார்க்கெட்டில் பார்த்தால் நான்தான் வேறு சந்தில் திரும்பிப் போவேன்.

அப்படிப்பட்டவன் என் மகளுக்கு, ஒரு கேள்வி கேட்காமல், பேனாவையும் எடுத்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். உனக்கு அது நல்ல மனசாகத் தெரிந்தது. எனக்கு, கேட்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன்தான் தெரிந்தான். பெர்மிட் வரட்டும், நாயெல்லாம் வரட்டும், இவள் இருந்த வேலையையும் விட்டு முழுசாக இறங்கட்டும், அப்புறம் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று காத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூட இல்லை, கண்ணால் பார்த்த மாதிரி நிச்சயமாக நம்பினேன். தினமும் வாக்கிங் போகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினது நந்திதுர்க்கைச் சுற்ற இல்லை. மைசூர் மைன்ஸுக்குத்தான் நடந்தேன். உன் பண்ணைக்கு எதிரே இருக்கும் யூகலிப்டஸ் மரத்தின் பின்னால் நின்று அவன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயசில் ஒருவன் செய்கிற வேலையா என்று நீ கேட்கலாம். நான் அதை வேலையாகத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள் காலை, நீ உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவன் காம்பவுண்டு சுவரோரம் வந்து எதையோ பிய்த்துப் பிய்த்து உன் நாய் நூரிக்குப் போட்டான். அவன் உள்ளே போனதும் ஓடி வந்து, சுவருக்கு வெளியே சிதறிக் கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது பேக்கரி பன். விஷம் தடவியிருந்தால் எறும்பு தொடாது என்று நினைத்து, வீட்டுப் பின்சுவரின் மேல் வைத்துக் காவல் காத்தேன். உன் அம்மா துணி காயப்போட வந்து, “இன்னா அது?” என்றாள். “ஒண்ணுமில்ல, போ” என்றேன். கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசையாக வந்து பன்னை முழுசாக இழுத்துக்கொண்டு போயிற்று. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? அதுவும் எனக்கு இன்னொரு சாட்சியாகத்தான் தோன்றியது. இன்றைக்கு விஷம் இல்லை, நாயைக் கைப்பழக்கம் பண்ணுகிறான், நாயும் இவன் கொடுப்பதை நம்பிப் பழகட்டும் என்று பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். என்னைப் போன்றவன் ஒன்றை நம்பிவிட்டால் எதிரே வருகிற எல்லாமே அதற்குத்தான் சாட்சி சொல்லும். இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், உன் உடம்பிலும் என் ரத்தம்தான் ஓடுகிறது.

உன்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமானால் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. பெர்மிட்டே வராவிட்டால் நீ ஒரு மாதம் அழுவாய், அப்புறம் மறுபடி ரயில் ஏறி வேலைக்குப் போவாய், செல்வராஜுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போகும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் எழுதுவதுபோல் எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. நாய்கள் ஊளையிடுகின்றன, குழந்தைகள் பயப்படுகிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, நாய்களுக்கு ஒழுங்காகச் சோறு வைப்பதில்லை. கடைசியாக எழுதினதுதான் மகா பாவம். நூரிக்கு நீ கோழியை வேகவைத்து எலும்பு பொறுக்கிப் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் எழுதினேன். எழுதி முடித்ததும் கை தானாகவே அந்தக் கடைசி வரியையும் எழுதிவிட்டது. இரு கண்களால் நேரில் கண்டது, கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை. ரிப்போர்ட் என்றால் அப்படித்தான் முடியும் என்று இருபது வருஷம் பழகின கை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆபீசர்கள் பண்ணையைப் பார்க்க வந்தார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை, கிளம்பும்போது இந்த மாதிரி ஒரு புகார் வந்திருக்கிறது என்று காட்டினார்கள். பக்கத்து வீட்டார் புகார் என்றால் விசாரிக்காமல் பதிவு தர முடியாது, வியாழக்கிழமை வந்து பக்கத்து வீட்டுக்காரரையும் நேரில் கேட்போம் என்றார்கள். நீ அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு நேரே செல்வராஜ் வீட்டுக்குப் போனாய். அன்று மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். “முன்னால கையெழுத்து, பின்னால கடுதாசி. இன்னா மனுஷன்பா அவரு? நல்லா கேட்டுட்டேன். இந்த வயசுல இன்னாத்துக்கு உங்களுக்கு இந்தப் பொழப்புன்னு கேட்டேன். நின்னுகினே இருந்தாரு, ஒரு வார்த்தை பேசலை.” நீ அழுதாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவிவிட்டு வந்து, “நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வாணாம், விட்டுடு” என்றேன். நீ நிமிர்ந்து பார்த்து, “ஊரையே சந்தேகப்பட்டுக்கினு இருந்தியே, ஒரு நாளாவது எங்கூட நின்னிருக்கியாப்பா?” என்று கேட்டாய். பையை எடுத்துக்கொண்டு பண்ணைக்கே குடி போய்விட்டாய். உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

நீ போன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொன்னால் எவனும் இல்லை என்றுதானே சொல்வான்? இவன் ஏன் சும்மா நின்றான்? இதில் என்ன சூழ்ச்சி? அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும், ஆனால் அது பொய். அவன் வாசல் குழாயில் ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, “வாங்க” என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ‘டா’ போட்டவன், வாங்க என்கிறான்.

“யசோ வந்து உன்னைப் பேசிச்சாமே” என்றேன்.

“பேசுச்சு.”

“நீ இன்னாத்துக்கு இல்லைன்னு சொல்லலை?”

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். “போன்ல காட்டுச்சுங்க. கடைசி வரியைப் பார்த்தேன். ரெண்டு கண்ணால கண்டது, கூட்டலை, கொறைக்கலை. அதை நான் ஏற்கெனவே ஒரு வாட்டி படிச்சவன். வேலையில்லாம வீட்டுல உக்காந்துகினு அதையேதான் படிச்சிக்கினு இருந்தேன்.”

“நான்தான்னு தெரிஞ்சுதுல்ல, அப்ப சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா அந்தப் பொண்ணு எங்க போவும்? பக்கத்து வீட்டுக் கெழவன் கெட்டவன்னா கதவைச் சாத்திக்கலாம். அப்பனே எழுதினான்னு தெரிஞ்சா இன்னா பண்ணும்? சினை நாயை வேற வெச்சிக்கினு கீது. பாவம்.”

அப்போதும் நான் கேட்டேன், யசோ. வெட்கமில்லாமல் கேட்டேன். “நீ எதுக்குக் கையெழுத்துப் போட்ட?”

“இன்னா கேள்வி இது?” என்றான். “வந்து கேட்டுச்சு, போட்டேன். என் பொண்ணு கல்யாணமாகி ஓசூர் போயி எத்தினி வருஷம். வீட்டுல எனக்கு யாரு கீறாங்க? நாய்ங்க வந்தா ஒரு சத்தமாவது இருக்கும்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வியாழக்கிழமை ஆபீசருங்க கேட்டா, நான் எழுதினேன்னு சொல்லமாட்டேன். எழுதலைன்னும் சொல்லமாட்டேன். நீங்க போங்க” என்றான்.

திரும்பும் வழியில் அந்த மரத்தடியில் நின்றேன். உன் பண்ணையிலிருந்து நூரி குரைத்தது. எனக்கு அழுகை வந்தது. அவன் வாயைத் திறக்காவிட்டால் உன் மனு கெடும், ஏனென்றால் பக்கத்து வீட்டான் மறுக்காத புகார் உண்மை என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். உன் சான்றிதழ் வராது. நூரியின் குட்டிகளை நீ யாருக்கும் தர முடியாது. சட்டப்படி நடக்க வேண்டும் என்று கிளம்பின ஒரே காரணத்துக்காக நீ தோற்றுப்போவாய், பின்கட்டில் கூண்டு வைத்து விற்கிறவர்கள் நன்றாக இருப்பார்கள். அவன் வாயைத் திறந்தால் நான் உன்னை இழப்பேன். அவன் எனக்காகத்தான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துவிடாதே. உனக்காக நிற்கிறான். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமா என்று நான் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமலும் ஒரு மனிதன் இருப்பான் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

நேற்று பஸ் ஏறிக் கோலாருக்குப் போனேன். பண்ணையைப் பார்க்க வந்த அதே கால்நடை டாக்டரம்மாதான் ஆபீசில் இருந்தார். அந்தப் புகாரை எழுதியது நான்தான், அதில் ஒரு வார்த்தையும் உண்மை இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. யாராவது மிரட்டிச் சொல்ல வைத்தார்களா என்று கேட்டார். என்னை ஒருவர் சந்தேகப்பட்டு எவ்வளவோ வருஷமாயிற்று, எனக்கு அந்த அம்மாவின் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். முழுப் பெயரும் முகவரியும் போட்டு எழுதினேன். அந்தப் பழைய கடைசி வரியை எழுதவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, “அர்ஜிதாரரிகெ நீவு ஏனாகபேகு?” என்று கன்னடத்தில் கேட்டார். மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு என்று. “நன்ன மகளு”, என் மகள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதையும் அதிலேயே எழுதிவிடுங்கள் என்றார். எழுதினேன்.

இனி நீ பண்ணை நடத்துவாய் என்று நம்பி இரண்டு வார்த்தை சொல்கிறேன். சந்தேகத்தை முழுசாக விட்டுவிடாதே. குட்டி வாங்க வருகிறவன் தாய் நாயைப் பார்க்கக் கேட்காமல் காரில் உட்கார்ந்தபடியே விலை கேட்டால் அவனுக்குக் கொடுக்காதே. குழந்தைக்குப் பரிசு என்று சொல்லிக் குழந்தையைக் கூட்டி வராதவனை மறுபடி வரச் சொல். இதையெல்லாம் நீ கிளினிக்கில் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பாய். ஆனால் ஒருவனைச் சந்தேகப்பட்டால் அவனிடமே போய்க் கேள். மரத்துக்குப் பின்னால் நிற்காதே, பெரிய எழுத்தில் எழுதாதே. கேட்டுவிட்டால் ஒரு நாள் சங்கடம், கேட்காமல் விட்டால் என்னை மாதிரி ஆகிவிடும். நூரி குட்டி போடும் சமயத்தில் நீ தனியாக இருக்காதே. அம்மாவைக் கூப்பிட்டுக்கொள், அவளுக்குப் பயம் இல்லை. நான் வருவது உன் இஷ்டம்.

கடைசியாக, டாக்டரம்மா சொன்னதையும் மறைக்கக் கூடாது. வியாழக்கிழமை உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார்களாம். பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் போலீசுக்கு எழுத வேண்டுமா, வேண்டாமா என்று. உன் பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். நான் அன்றைக்கு அங்கே வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தால் நீ உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டாய். அதற்கு முன்னால், முடிந்தால் இதைப் படித்த கையோடு, செல்வராஜ் வீட்டுக்குப் போ. நீ பேசின வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள். நான் பேச வேண்டியது இன்னும் அதிகம், அதை நானே போய்ப் பேசுகிறேன், அவன் வாங்க என்று சொன்னாலும் போ என்று சொன்னாலும். அங்கே போய்விட்டு வந்து, வியாழக்கிழமை ஆபீசர் கேட்கும்போது உனக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைச் சொல். வேண்டும் என்று சொன்னாலும் சரி, வேண்டாம் என்று சொன்னாலும் சரி, எழுதிக் கொடு. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் ஒரு நாளும் தோண்டிப் பார்க்க மாட்டேன்.

அப்பா